டீச்சரிடம் கேளுங்கள்: விலக்கு வேறு, பூஜ்யம் வேறு

போன இதழில் இன்டர்னல் மார்க் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கல்லூரியும் பள்ளியும் இப்போது அசைன்மென்டை இணையத்தில்தான் வாங்குகின்றன. உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம், போன் இல்லை என்று ஒரு பிள்ளையால் அதை முடிக்க முடியாமல் போனால் என்ன செய்வது? கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருபத்தேழு வருடம் வணிகவியல் நடத்தியவள், கடைசி சில வருடம் மூடில் (அசைன்மென்ட் வாங்கி மார்க் போடும் இணைய மென்பொருள், ஆங்கிலத்தில் Moodle) பொறுப்பையும் சுமந்தவள் என்ற முறையில் இந்த மாதம் இந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், நான் பி.காம். இரண்டாம் வருடம். மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டேன். ஐந்து அசைன்மென்டில் இரண்டை மூடிலில் ஏற்ற முடியவில்லை. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தேன். “உனக்கு எக்ஸ்கியூஸ் பண்ணியாச்சு, கவலைப்படாதே” என்று மிஸ் சொன்னார். ஆனால் மொத்தம் 51 சதவீதம்தான் காட்டுகிறது. திரும்பப் போய்க் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று பயமாக இருக்கிறது.
— மாணவி, வண்ணாமடை

கேள், அம்மிணி. இன்றைக்கே போய்க் கேள். தப்பாக நினைக்க இதில் எதுவும் இல்லை. உன் மிஸ் மனதில் விலக்கு கொடுத்துவிட்டார், கணினிக்கு அதைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் நடந்திருக்கும்.

கடிதத்தில் உன் மார்க்கையும் எழுதியிருந்தாய்: 20க்கு 16, 18, 17. மூன்றும் சேர்த்து 51. வராத இரண்டையும் பூஜ்யமாக எடுத்தால் 100க்கு 51. அதைத்தான் திரை காட்டுகிறது. அந்த இரண்டையும் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டால் 60க்கு 51, அதாவது 85 சதவீதம். உடம்பு முடியாமல் படுத்துக் கிடந்ததற்காக முப்பத்துநான்கு சதவீதத்தை ஒரு பிள்ளை இழக்கலாமா?

மூடிலில் மார்க் கட்டம் மூன்று நிலையில் இருக்கலாம். ஒன்று, ஆசிரியரே பூஜ்யம் போட்டிருப்பார். இன்னொன்று, கட்டம் காலியாக இருக்கும். காலிக் கட்டத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பதற்குத் தனி அமைப்பு உண்டு. காலியானவற்றைச் சேர்க்காதே என்று டிக் இருந்தால் மூடில் அதை விட்டுவிடும், டிக் இல்லாவிட்டால் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். பாதிப் பேருக்கு இப்படி ஒரு டிக் இருப்பதே தெரியாது. மூன்றாவதுதான் உண்மையான விலக்கு. அந்தப் பிள்ளையின் மார்க்கைத் திருத்தும் பக்கத்தில் ‘எக்ஸ்க்ளூடட்’ என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும், அதில் டிக் போட வேண்டும். பல பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் போடுவதானால் ‘சிங்கிள் வியூ’ என்ற பக்கத்தில் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகலாம். மூடிலுக்குப் பதில் கேன்வாஸ் என்ற மென்பொருள் வைத்திருக்கும் இடங்களில் வேலை இன்னும் சுலபம். மார்க் கட்டத்தில் ஈ, எக்ஸ் என்று இரண்டு எழுத்தைத் தட்டினால் போதும். கூகுள் கிளாஸ்ரூமிலும் ‘எக்ஸ்கியூஸ்டு’ என்று குறிக்கும் வசதி வந்துவிட்டது. அப்படிக் குறித்த வேலை மொத்தத்தில் சேராது.

மிஸ்ஸிடம் போகும்போது “என் மார்க் குறைஞ்சிருக்கு” என்று ஆரம்பிக்காதே. “மிஸ், அந்த ரெண்டு அசைன்மென்டுக்கும் எக்ஸ்க்ளூடட் டிக் விழுந்திருக்கான்னு ஒரு தடவை பார்க்கிறீங்களா?” என்று கேள். என்ன கேட்கிறாய் என்று அவருக்கு உடனே புரியும், ஒரு நிமிட வேலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிக் விழுந்த பிறகும் ஒரு பள்ளம் இருக்கிறது. மார்க்கெல்லாம் மூடிலிலிருந்து எக்செல் தாளாக இறங்கி அலுவலகத்துக்குப் போகும். மூடில் போட்ட மொத்தத்தை அப்படியே எடுத்தால் சிக்கல் இல்லை. யாராவது ஒவ்வொரு பத்தியையும் தாங்களே கூட்டி ஐந்தால் வகுத்தால் உன் விலக்கு அங்கே காணாமல் போய்விடும். இன்டர்னல் மார்க் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது உன் வரியை நீயே ஒருமுறை கூட்டிப் பார்.

மகளுக்கு அசைன்மென்ட் ஒழிவாக்கி என்று காலேஜிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. அவளை காலேஜை விட்டு எடுத்துவிட்டார்களா? இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.
— ஒரு தாய், மீனாட்சிபுரம்

இல்லை தாயே, நிம்மதியாகச் சாப்பிடுங்கள். மலையாளத்தில் ‘ஒழிவாக்கி’ என்றால் விலக்கு கொடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். நம் காதுக்கு ‘ஒழி’ என்று விழுவதால் வயிற்றைக் கலக்குகிறது. உங்கள் மகள் அந்த ஒரு அசைன்மென்டை எழுத வேண்டியதில்லை, அவ்வளவே.

நம் ஊர்ப் பக்கம் பேசுவது தமிழ், அலுவலகத்தில் மலையாளம், கணினித் திரையில் ஆங்கிலம். நடுவில் மாட்டிக்கொள்வது பெற்றவர்கள்தான். ‘எக்ஸ்கியூஸ்டு’ என்று பார்த்தவுடன் ‘மன்னிப்பு’ என்று படித்து, “நீ என்ன தப்புப் பண்ணினே?” என்று மகனை அடிக்கக் கை ஓங்கிய அப்பாவையும் எனக்குத் தெரியும். பிள்ளை தப்பு செய்தால்தானே மன்னிப்பு? இது மன்னிப்பே இல்லை, விலக்கு. இந்தப் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்களை நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டுக்கு அனுப்பும் செய்தியில் தமிழில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘இந்த அசைன்மென்ட் எழுத வேண்டாம், மார்க் குறையாது.’ இவ்வளவு போதும்.

ஒரு மாணவனுக்கு மூன்றாம் பாடத்தின் குவிஸிலிருந்து விலக்கு கொடுத்தேன், டிக் எல்லாம் சரியாகப் போட்டேன். ஆனால் நான்காம் பாடம் அவனுக்குத் திறக்கவே இல்லை. பூட்டுப் படமே தெரிகிறதாம். எங்கே தவறினேன்?
— ஆசிரியை, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

நீங்கள் தவறவில்லை. மூடிலில் மார்க் கணக்கு ஒரு வழி, பாடத்தைத் திறக்கும் பூட்டு வேறு வழி. ‘மூன்றாம் குவிஸை முடித்தால்தான் நான்காம் பாடம்’ என்று நீங்கள் முன்பு வைத்த நிபந்தனைக்கு நீங்கள் போட்ட டிக் தெரியாது. அவன் இன்னும் முடிக்கவில்லை என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. பாடப் பிரிவின் அறிக்கைகளில் ‘ஆக்டிவிட்டி கம்ப்ளீஷன்’ பட்டியலைத் திறந்து, அவன் பெயருக்கு நேரே அந்தக் குவிஸின் கட்டத்தைத் தட்டி ‘முடித்தான்’ என்று மாற்றுங்கள். பூட்டு அந்த அடையாளத்தை மட்டும் பார்ப்பதாக இருந்தால் திறந்துவிடும். குவிஸில் இத்தனை மார்க் வாங்கினால்தான் என்று வைத்திருந்தால் நிபந்தனையையே கொஞ்சம் தளர்த்த வேண்டியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் நடக்கும். விலக்கு வாங்கிய பிள்ளை உடம்பு தேறியதும் ஆர்வமாக உட்கார்ந்து அந்த அசைன்மென்டை எழுதி அனுப்பும். நாமும் திருத்தி 20க்கு 19 போடுவோம். திரையில் 19 தெரியும், மொத்தம் அசையாது. டிக்கை எடுக்கும் வரை அந்த 19 கணக்கில் ஏறாது. எழுதிக் கொடுத்த பிள்ளைக்கு டிக்கை எடுத்துவிடுங்கள், மறக்கவே மறக்காதீர்கள்.

நான் கெஸ்ட் லெக்சரர், சேர்ந்து ஆறு மாதம். காய்ச்சல், கல்யாணம், தோட்டத்து வேலை, நெட் இல்லை, சிஸ்டம் இல்லை என்று வாரத்துக்கு ஏழெட்டுப் பேர் வந்து நிற்கிறார்கள். எல்லோருக்கும் கொடுத்தால் ஒழுங்காக எழுதியவர்கள் வருத்தப்படுகிறார்கள். கொடுக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. எப்படி முடிவெடுப்பது?
— இளம் ஆசிரியர், கொல்லங்கோடு

தம்பி, உங்களுக்குத் தூக்கம் வராததே நல்ல ஆசிரியருக்கு அடையாளம். இதில் நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்கிறேன்.

2020, கொரோனா காலம். எங்கள் கல்லூரியில் இறுதி ஆண்டு படித்த ஒரு பையன். தாய் தகப்பன் இருவரும் எருத்தேன்பதிப் பக்கம் கூலி வேலை. வீட்டில் டிவி கிடையாது, இருந்தது ஒரே ஒரு போன். அந்த ஜூன் 1ஆம் தேதி கேரள அரசின் கல்விச் சேனலான கைட் விக்டர்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கின. அவனுடைய இரண்டு தங்கைகளும் பள்ளிப் பிள்ளைகள். பகலெல்லாம் அந்தப் பாடங்களைப் போனில்தான் பார்த்தார்கள். இவன் கைக்குப் போன் வர இரவு ஒன்பது மணி ஆகிவிடும். எனக்கு மனசு கேட்கவில்லை. நான்கு அசைன்மென்டில் மூன்றுக்கு விலக்கு கொடுத்து, “நீ ஒண்ணை மட்டும் எழுதினா போதும், கண்ணு” என்று சொன்னேன். பெரிய உதவி செய்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

ஒன்றுக்கு ஐந்து மார்க், நான்குக்கு இருபது. மூன்றை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கும் ஐந்து மார்க் முழு இருபதையும் சுமக்கும். அதை நான் யோசிக்கவில்லை. அவன் கம்பெனிக் கணக்கு ஒன்றை நோட்டில் போட்டு, இரவில் போனில் படம் எடுத்து அனுப்பினான். மேலே விளக்கு, நடுவில் அவன் கை. கையின் நிழல் பக்கத்தின் வலது பாதியில் விழுந்து, பேலன்ஸ் ஷீட்டின் சொத்துப் பக்கம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. தெரிந்த பாதியைத் திருத்தினேன். தெரியாத பாதியை அவன் போடவில்லை என்று எடுத்துக்கொண்டு இரண்டு மார்க் போட்டேன். ஐந்துக்கு இரண்டு என்றால் இருபதுக்கு எட்டு.

2021 ஜனவரியில் கல்லூரி திறந்தபோது அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான். சண்டை போட வரவில்லை. “டீச்சர், எங்கே தப்புன்னு சொல்லிக் கொடுங்க, பரீட்சைக்கு வேணும்” என்றான். பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரியாகக் கூடியிருந்தது, கீழே ஸ்கேல் வைத்து இரட்டைக் கோடு போட்டிருந்தான். மார்க் பட்டியல் அதற்குள் போய்விட்டது. அந்த இரட்டைக் கோடு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அவனுக்கு விலக்கு வேண்டியிருக்கவே இல்லை. நான்கையும் நோட்டில் எழுதிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கலாம். அல்லது ஒவ்வொன்றுக்கும் பத்து நாள் கூடுதலாகக் கொடுத்திருக்கலாம். ஒவ்வொன்றிலும் மூன்று வாங்கியிருந்தால்கூட பன்னிரண்டு வந்திருக்கும்.

அதற்குப் பிறகு யார் வந்து நின்றாலும், இந்தப் பிள்ளைக்கு வேண்டியது நேரமா, வேறு வழியா, விலக்கா என்று எனக்குள் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறப்பேன். கல்யாணம், கொங்கன்படைத் திருவிழா, அறுவடை, நான்கு நாள் காய்ச்சல், இதற்கெல்லாம் நேரம் கொடுத்தால் போதும். மூடிலில் அசைன்மென்டுக்கு ‘எக்ஸ்டென்ஷன்’ என்று ஒருவருக்கு மட்டும் தேதி நீட்டலாம், குவிஸுக்கு ‘ஓவர்ரைடு’ என்று இருக்கிறது. வகுப்புக்கெல்லாம் தேதி மாற்ற வேண்டாம். நெட் இல்லை, சிஸ்டம் இல்லை என்பவனுக்கு வழியை மாற்றிக் கொடுங்கள். தாளில் வாங்குங்கள், ஸ்டாஃப் ரூமில் உட்காரவைத்து வாயால் கேளுங்கள், அந்த மார்க்கை நீங்களே மூடிலில் ஏற்றிவிடுங்கள்.

விலக்கை வேறு வழியே இல்லாத இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் ஒரு பிள்ளையிடம் அசைன்மென்ட் கேட்பது மனுஷத்தனம் இல்லை. அது கொடுக்க வேண்டிய விலக்கு, அவர்கள் வந்து கேட்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் கிடப்பது, பிரசவம், இதெல்லாம் அப்படித்தான். கொடுப்பதற்கு முன்னால் மீதி வேலைகள் எத்தனை கனத்தைச் சுமக்கப்போகின்றன என்று ஒரு தாளில் கூட்டிப் பாருங்கள். மீதி இருப்பது ஒன்றே ஒன்று என்றால் விலக்கு கொடுக்காதீர்கள், வேறு வேலை கொடுங்கள்.

ஒழுங்காக எழுதியவர்கள் வருத்தப்படுகிறார்கள் என்றீர்கள். வருடத் தொடக்கத்திலேயே வகுப்பில் நியாயத்தைச் சொல்லிவிட்டால் அந்த வருத்தம் வராது. “இன்ன காரணத்துக்கு நேரம், இன்னதுக்கு விலக்கு, யாருக்குக் கொடுத்தாலும் காரணத்தை வெளியே சொல்ல மாட்டேன்” என்று முதல் வாரமே சொல்லுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எந்த அசைன்மென்ட், என்ன கொடுத்தேன், கையெழுத்து. நீங்கள் கெஸ்ட் லெக்சரர். அடுத்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டால் உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு அந்தப் பிள்ளையின் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று எப்படித் தெரியும்? உங்கள் வாய்வார்த்தை உங்களோடு பொள்ளாச்சி பஸ் ஏறிவிடும், நோட்டு இங்கேயே இருக்கும்.

ஐ.ஐ.டி.க்கள் இணையத்தில் நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டத்தில் பன்னிரண்டு வாரப் படிப்பில் சேர்ந்தேன். அப்பாவின் ஆபரேஷனால் இரண்டு வார அசைன்மென்ட் போய்விட்டது. விலக்கு கேட்டு யாருக்கு எழுதுவது?
— மாணவர், வாளையார்

யாருக்கும் எழுத வேண்டாம், தம்பி. அப்பாவைக் கவனித்துக்கொள். பன்னிரண்டு வாரப் படிப்பில் நீ அதிகம் வாங்கிய எட்டு அசைன்மென்டை மட்டும்தான் எடுப்பார்கள். எட்டு வாரப் படிப்பென்றால் ஆறு. நான்கு வாரத்துக்கு இடம் ஏற்கெனவே விட்டிருக்கிறார்கள், உனக்குப் போனது இரண்டுதான். சர்டிபிகேட் வாங்க அசைன்மென்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30, இரண்டும் வேண்டும். மிச்சமிருக்கும் வாரங்களை விடாதே.

இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். யாரும் யாரிடமும் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, சர்டிபிகேட்டை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. நம் கல்லூரிகளிலும் ஆறு அசைன்மென்ட் வைத்துச் சிறந்த ஐந்தை எடுத்தால் வாசலில் நிற்கும் கூட்டம் பாதியாகக் குறையும். மூடிலில் மிகக் குறைந்த மார்க்கை விடும் வசதி அமைப்பிலேயே இருக்கிறது.

மாதவிடாய் விடுப்பு கேரளக் கல்லூரிகளில் உண்டு என்கிறார்களே, அந்த நாட்களின் அசைன்மென்டுக்கும் விலக்கு கிடைக்குமா?
— மாணவி, வேலந்தாவளம்

2023 ஜனவரியில் வந்த உத்தரவு வருகைப் பதிவுக்கானது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் மாணவிகளுக்கு 75 சதவீதத்துக்குப் பதில் 73 இருந்தால் போதும். அதற்கு முன்னால் கொச்சின் பல்கலைக்கழகம் இதைச் செய்து காட்டியது. அசைன்மென்ட் பற்றி அதில் இல்லை. ஆனால் இரண்டு நாள் நேரம் கேட்பதற்கு உத்தரவு எதற்கு? ‘உடல்நிலை சரியில்லை, வெள்ளிக்கிழமை ஏற்றிவிடுகிறேன்’ என்று கடைசித் தேதிக்கு முன்பே ஒரு வரி எழுதிவிடு. காரணத்தை விளக்கச் சொல்லி எந்த ஆசிரியரும் உன்னை வற்புறுத்தக் கூடாது.

என் மகனுக்குக் காது கேட்காது, சர்டிபிகேட் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ், தெலுங்கு, இந்தி. பள்ளி கொடுத்திருக்கும் ஆப்பில் வாரம் ஒரு தரம் ‘கேட்டுப் பதில் சொல்’ என்று இந்திப் பயிற்சி வருகிறது. கேட்கவே முடியாத பிள்ளைக்கு வாராவாரம் பூஜ்யம். அவன் இப்போதெல்லாம் ஆப்பைத் திறப்பதே இல்லை.
— ஒரு அப்பா, நகரி

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், ஐயா. பிள்ளையிடம் குறை இல்லை, அந்தப் பயிற்சி அவனுக்கு ஆனதே இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. அதில் பிரிவு 17ஐப் பள்ளியில் காட்டுங்கள். தேர்வில் கூடுதல் நேரம், எழுதித் தர ஆள், பாடத்திலும் தேர்விலும் வேண்டிய மாற்றம், இவற்றோடு இரண்டாம் மொழி, மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு என்றும் அதில் எழுதியிருக்கிறது. இது இந்தியா முழுமைக்குமான சட்டம், ஆந்திராவுக்கும் பொருந்தும்.

ஆனால் மொழியையே விட்டுவிடுவதா என்று மகனைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இந்தி எழுதவும் படிக்கவும் அவனுக்கு விருப்பமாக இருந்தால் கேட்கும் பயிற்சிக்கு மட்டும் விலக்கு வாங்குங்கள், அல்லது அதே பகுதியை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, சர்டிபிகேட் நகலை இணைத்து, இரண்டு விஷயம் கேளுங்கள். இனி வரும் கேட்கும் பயிற்சிகள் அவன் கணக்கில் சேரக் கூடாது. இதுவரை விழுந்த பூஜ்யங்களையும் எடுத்துவிட வேண்டும். இரண்டாவதைக் கேட்கப் பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள், மொத்தத்தைக் கீழே இழுப்பது அந்தப் பழைய பூஜ்யங்கள்தான். ஆப்பில் விலக்கு வசதி இல்லை என்று சொன்னால், பள்ளி மார்க் ரிஜிஸ்டரில் அந்தப் பயிற்சிகளை நீக்கிக் கூட்டச் சொல்லுங்கள்.

கடிதத்தின் இரண்டாம் பிரதியில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர் கொடுக்கும்போது அது கையில் இருந்தால் அலைச்சல் மிச்சம். பூஜ்யமெல்லாம் போன அன்றைக்கு, அவனையே ஆப்பைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.